புனித தேவசகாயத்தின் பெயரில் கல்யாண வரவேற்பு: மேடையை விட்டுவிட்டுப் பந்தியில் ஆரம்பியுங்கள்

உங்கள் தம்பிக்கு நாகர்கோவிலில் கல்யாணம், பெண் திண்டுக்கல் பக்கம், இரண்டு பேருக்கும் புனித தேவசகாயத்தின் மேல் பக்தி, அதனால் மாலை ரிசப்ஷனை அவரை மையமாக வைத்து நடத்த ஆசை என்று எழுதியிருந்தீர்கள், சகோதரி. டெக்கரேஷன்காரர் காட்டிய மாதிரிகளில் மேடை முழுக்க ஒரு பெரிய படமும் சங்கிலிகளும்தான் இருக்கின்றன, மனதுக்கு ஒட்டவில்லை, வேறு எப்படிச் செய்யலாம் என்பது உங்கள் கேள்வி. சுமார் 500 பேர் வருவார்கள், தேதி இன்னும் முடிவாகவில்லை என்பதையும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒட்டாமல் போனதில் நியாயம் இருக்கிறது. மேடை அலங்காரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்தப் புனிதரின் பெயரில் ஒரு வரவேற்பு நடக்கிறது என்றால் அது சாப்பாட்டுக் கூடத்தில்தான் முதலில் தெரிய வேண்டும். 500 பேரும் ஒரே கூடத்தில், ஒரே மாதிரி இலையில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. அது நடக்காவிட்டால் எத்தனை அடி உயரப் படம் வைத்தும் பிரயோசனம் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் அவருடைய வாழ்க்கையே அப்படி. 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அரசுப் பணியில் செல்வாக்கோடு இருந்தவர். 1745-ல் ஞானஸ்நானம் வாங்கிய பிறகு, சாதி எதுவானாலும் மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்டு எல்லோரோடும் கலந்து பழகினார். மேல்தட்டில் இருந்தவர்களுக்கு அவர் மேல் வெறுப்பு வந்ததற்கு அது ஒரு காரணம் என்று வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 1749-ல் கைது, மூன்று வருடத் துன்பம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம், 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். பொதுநிலையினரிலிருந்து புனிதராக உயர்த்தப்பட்ட முதல் இந்தியர் அவர்.

அவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை. கல்யாணம் ஆனவர். மனைவி பார்கவி அம்மாள் பிறகு ஞானப்பூ என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். இந்த ஒரு விஷயத்தாலேயே ஒரு கல்யாண வீட்டுக்கு இவரை விடப் பொருத்தமான பாதுகாவலர் நம் மண்ணில் கிடையாது என்று நினைக்கிறேன். ஆனால் நம் ஊர்களில் ஞானப்பூ அம்மாளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கணவர் எடுத்த முடிவுக்காகச் சொந்தபந்தம், வீடு, ஊர் எல்லாவற்றையும் இழந்து, அவர் போன பிறகும் விசுவாசத்தில் நிலைத்து நின்ற பெண் அவர். உங்கள் வரவேற்பில் அந்தக் குறையைத் தீர்க்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் தேதி. அவருடைய திருநாளான ஜனவரி 14-ல் வைக்க ஆசை வரும். பொங்கலும் அதை ஒட்டியே வருகிறது. சமையல்காரர், வேன், பூ எதற்கும் கையைக் கடிக்கும் விலை. காற்றாடிமலையில் திருவிழா என்பதால் உங்களுக்கு வேண்டிய ஃபாதர்கள் பலர் அங்கே இருப்பார்கள். டிசம்பர் 2 பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தில் விழும். ஏப்ரல் 23 நல்ல நாள்தான், ஆனால் ஈஸ்டர் மிகவும் தள்ளி வரும் வருடமாக இருந்தால் அது புனித வாரத்தைத் தொட்டுவிடும், காலண்டரைப் பாருங்கள். என் யோசனை மே 14 அல்லது அதை ஒட்டிய ஒரு நாள். அது அவர் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கிய நாள், மறுநாள் புனிதர் பட்டம் கிடைத்த நாள். பெரும்பாலும் ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் பாஸ்கா காலம், பள்ளிக்கூட விடுமுறை, திண்டுக்கல்லிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் சௌகரியம். தேதி எதுவானாலும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு பங்குத்தந்தையைப் பார்த்துவிடுங்கள். இரண்டு பங்கிலும் மூன்று ஓலை, அதாவது கோயிலில் கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், திருமண முன்தயாரிப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் அவசரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

அழைப்பிதழில் ‘புனித தேவசகாயம்’ என்று மட்டும் போடுங்கள். பழைய புத்தகங்களிலும் படங்களிலும் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றுதான் இருக்கும். புனிதர் பட்டத்துக்கு முன்னால் இதைப் பற்றிக் கோரிக்கை எழுந்து, சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. அச்சகத்தில் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடுவார்கள், ப்ரூஃப் பார்க்கும்போது கவனியுங்கள். அவர் பெயரிலிருந்து எடுத்தாகிவிட்டது என்றால் அதே அழைப்பிதழில் பெரியப்பா, சித்தப்பா பெயர்களுக்குப் பின்னால் மட்டும் சாதி ஒட்டிக்கொண்டிருப்பது சரியில்லை. அதையும் எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் கேட்டால் காரணத்தை மரியாதையாகச் சொல்லலாம்.

கோயிலில் நடக்கிற திருமணத் திருப்பலியில் ‘தீம்’ எதையும் கொண்டுபோகாதீர்கள். வாசகங்களையும் பாடல்களையும் ஃபாதரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். மன்றாட்டுகளில் ஒன்றில் புனிதரின் பெயரைச் சேர்க்கலாம், மறையுரையில் ஞானப்பூ அம்மாளையும் சேர்த்துப் பேச முடியுமா என்று கேட்கலாம். அதற்கு மேல் அங்கே வேண்டாம்.

இனி மண்டபம். புனிதரின் படத்தையோ சுரூபத்தையோ மேடையில் மணமக்களுக்குப் பின்னால் வைக்க வேண்டாம் என்பேன். மூன்று மணி நேரமும் வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போட்டோ எடுப்பார்கள். கூட்டம் கூடினால் செருப்போடு அவர் காலடியில் ஏறி நிற்பார்கள். அதற்குப் பதிலாக நுழைவாயிலில், பன்னீர் தெளிக்கும் இடத்துக்கு அடுத்து, வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை போடுங்கள். ஒன்றரை அடிக்குள் ஒரு சுரூபம், ஒரு குத்துவிளக்கு, கொஞ்சம் வேப்பங்கொத்து. வேப்பிலை ஏன் என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். பெருவிளையில் அவரை மாதக்கணக்கில் ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள், மக்கள் அங்கே தேடி வந்து ஆறுதல் வாங்கிப் போனார்கள் என்ற கதையைச் சொல்ல அது ஒரு வாய்ப்பு. வீட்டில் ஒரு பாட்டியையோ மறைக்கல்வி ஆசிரியரையோ அந்த மேசைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வருகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்வார்.

சங்கிலி, எருமை, சாட்டை எதுவும் மண்டபத்துக்குள் வேண்டாம். அவரை எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர்வலம் கொண்டுபோனதும், எருக்கம்பூ மாலை போட்டதும் உண்மையான வேதனை. தவக்காலத்தில் தியானிக்க வேண்டியதை ஐஸ்கிரீம் கவுண்டருக்குப் பக்கத்தில் தெர்மாகோலில் செய்து நிறுத்துவது அவருக்கு மரியாதை இல்லை. அதே மாதிரி தண்ணீர் பாட்டில், டிஷ்யூ, காகிதத் தட்டு எதிலும் அவர் படத்தை அச்சடிக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அவை எங்கே கிடக்கும் என்று நமக்குத் தெரியும்.

பூவுக்கு நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டாம், தோவாளை இருக்கிறது. அவர் உயிர்விட்ட மலையைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் வந்தால் பூச்சந்தைதான். பிச்சி, மல்லி, அரளி, கேந்தி, கொழுந்து எல்லாம் விடியுமுன்னே வந்து இறங்கிவிடும். முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும் என்பதால் மேடைக்கு அரளியும் கேந்தியும் போதும். மணமக்கள் மாலைக்கு மட்டும் மாணிக்கமாலை சொல்லிவிடுங்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய் பின்னுவது போல நெருக்கமாகக் கட்டுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் கல் பதித்த மாதிரி இருக்கும். 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கட்டுவதற்கு நேரம் எடுக்கும், எல்லோருக்கும் கட்டவும் வராது, முன்கூட்டியே ஆளைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வருகிறவர்கள் மதுரை, திருநெல்வேலி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி என்றுதான் வருவார்கள். அந்தப் பாதையே ஒரு திருப்பயணம். காவல்கிணற்றுக்குப் பக்கத்தில்தான் வடக்கன்குளம், அங்கே திருக்குடும்ப ஆலயம். ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை. நாகர்கோவிலில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை. பெண் வீட்டு வேனில் ஒருவர் பொறுப்பெடுத்து முதல் நாளே இந்த மூன்று இடத்திலும் இறக்கிக் கூட்டி வந்தால், வரவேற்பில் அவர்களுக்கு எதையும் தனியாக விளக்க வேண்டியிருக்காது. மணமக்கள் மட்டும் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நட்டாலத்துக்கு ஒருமுறை போய்வரட்டும்.

நிகழ்ச்சி பற்றிச் சொல்ல வேண்டும். லைட் மியூசிக்குக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு வில்லிசைக் குழுவைக் கூப்பிடுங்கள். வில், குடம், உடுக்கை, தாளம் போதும், நம் மாவட்டத்துக் கலை. கூட்டம் சேரும் நேரத்தில் அரை மணி நேரம் நடந்தால் போதும். ஆனால் எந்தப் பகுதியைப் பாட வேண்டும் என்று முன்பே உட்கார்ந்து பேசுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் நேரே சித்திரவதைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு வேண்டியது இது: 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்து தளபதியாகிறார். நீலகண்டருக்கு ஆடுமாடு செத்து, சொத்து கரைந்து மனம் உடைந்திருக்கும் நேரத்தில் டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிளின் யோபுவின் கதையைச் சொல்கிறார். அந்த நட்பு நீலகண்டரை வடக்கன்குளத்தில் யேசுசபை பாதிரியார் புத்தாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஞானஸ்நானம் வாங்கி வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார், அந்த அம்மாள் எப்படி மனம் திரும்பினார், அங்கே கொண்டுபோய் முடித்துவிடட்டும். கல்யாண வீட்டில் பாட வேண்டியது அந்தக் கணவன் மனைவியின் கதைதான்.

இன்னொன்றையும் பாடுகிறவர்களிடமும் பேசுகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் இந்துக்கள், சி.எஸ்.ஐ. சபையார், முஸ்லிம்கள் என்று எல்லோரும் முன்வரிசையில் இருப்பார்கள். ராஜாவைத் திட்டுவதோ மற்ற மதத்தை மட்டம் தட்டுவதோ ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. அவரை அன்றைக்கு எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம் வீட்டு விருந்தாளிகள்.

கேக் வெட்டுவதும் டோஸ்ட் சொல்வதும் உங்கள் வீட்டு வழக்கம் என்றால் இருக்கட்டும். டோஸ்ட் சொல்லும் பொறுப்பை மட்டும் இந்த முறை ஒரு பெண்ணிடம், கல்யாணமாகிப் பல வருடமான ஒரு அத்தையிடமோ சித்தியிடமோ கொடுங்கள். அவர் ஞானப்பூ அம்மாளைப் பற்றி நாலு நிமிடம் பேசி மணப்பெண்ணை வாழ்த்தட்டும். பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான். புனிதர் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட புதுமை, அதாவது அற்புதம், 2013-ல் ஒரு தாயின் வயிற்றிலிருந்த சிசு பிழைத்தது பற்றியது. புதுமணத் தம்பதிகளுக்காக அவரிடம் வேண்டிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும், அதையும் அவர் சொல்லலாம்.

இப்போது பந்திக்கு வருகிறேன். ஒரு கல்யாணத்தில் பார்த்தேன்: வாசலில் புனித தேவசகாயத்தின் பிரமாண்டமான பேனர், உள்ளே ‘விஐபி டைனிங்’ என்று போர்டு போட்ட ஏசி அறை. அந்த அறையில் ஏழு வகைக் கறி, வெளியே கூடத்தில் இரண்டு. கூட்டிப் பெருக்க வந்த பெண்கள் பதினொரு மணிக்கு மிச்சத்தைச் சாப்பிட்டார்கள். அந்தப் பேனர் இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது. நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இந்தக் காயம் இருக்கிறது. அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தில், பின்னால் எழும்பிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்தது. 1910-ல்தான் அதை இடித்தார்கள். நம் கல்யாண மண்டபத்தில் நாம் மறுபடி ஒரு சுவர் எழுப்ப வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் மண்டபத்தில் ஒரே நேரத்தில் 150 பேர் உட்காரலாம் என்றால் 500 பேருக்கு நாலு பந்தி. இலை போட்டு எடுத்துத் துடைப்பது வரை ஒரு பந்திக்கு 40 நிமிடம். ஆறே முக்காலுக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். முதல் பந்தியில் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தூரத்திலிருந்து வந்தவர்கள், கூடவே வேன் டிரைவர்கள், வில்லிசைக் குழு, மண்டபத்தில் துப்புரவு பார்க்கிறவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் தலைக்கணக்கு என்று சமையல்காரரிடம் அரிசி அளக்கும்போதே சொல்லிவிடுங்கள். மணமக்களைக் கடைசிவரை பட்டினி போட்டுவிட்டு அலங்கார மேசையில் தனியாக உட்கார வைக்காமல், இரண்டாவது பந்தியில் எல்லோருக்கும் நடுவில் உட்கார வையுங்கள். ஆயர், ஃபாதர், எம்.எல்.ஏ. யார் வந்தாலும் அந்த வரிசையிலேயே இடம். ஃபாதர்களில் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் பரிமாறுவதற்கு முன் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு சின்ன உணவு செபம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

சாப்பாடு இரண்டு ஊரையும் சேர்த்து இருக்கட்டும். பெண் வீட்டு வகையில் சீரகச் சம்பா பிரியாணி. கறி சாப்பிடாதவர்களுக்குத் தனிக் கூடம் வேண்டாம், அதே பந்தியில் அதே இலையில் சோறு, பருப்பு, பப்படம், சாம்பார், அவியல், துவட்டல் என்று பரிமாறட்டும். வாளி இரண்டு, இலை ஒன்று என்று பரிமாறுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக நம் ஊர் போளியும் பால் பாயசமும். திண்டுக்கல்காரர்களில் பலர் போளியைத் தனியாகத் தின்றுவிட்டுப் பாயசத்தை டம்ளரில் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் ஒருவர் போளியை இலையில் பிய்த்துப் போட்டு, அதன் மேல் பாயசத்தை ஊற்றி, ஊறினதும் வழித்துச் சாப்பிடக் காட்டிக் கொடுக்கட்டும். இரண்டு குடும்பமும் பேச ஆரம்பிப்பது அங்கேதான்.

தாம்பூலப் பையில் ஒரு மட்டிப்பழம், ஒரு கருப்பட்டித் துண்டு போதும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஆகிற செலவை எடுத்து வைத்து, மறைமாவட்டத்தின் சிறைப்பணிக் குழுவிடம் கொடுங்கள். மூன்று வருடம் கைதியாக இருந்தவரின் பெயரில் நடக்கிற விருந்து, கைதிகளின் குடும்பத்துக்கும் கொஞ்சம் போய்ச் சேரட்டும். செபப் படம் கொடுக்க விரும்பினால் மறைமாவட்டம் அங்கீகரித்த செபத்தையே அச்சடியுங்கள், வாசலில் இறைக்காமல் கையில் கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ஒரே பந்தி என்றதும் வீட்டில் ஒருவராவது முறைப்பார், பெரும்பாலும் ஒரு மாமா. ‘நம்ம அந்தஸ்துக்கு வர்றவங்களை இப்படியா உட்கார வைக்கிறது’ என்று கேட்பார். அவரோடு வாதாட வேண்டாம். தம்பியையே அனுப்பி, ‘மாமா, பந்தி விசாரிக்கிற பொறுப்பு உங்களுக்குத்தான், யாருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது’ என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது பந்தி ஓடும்போது அவர் டிரைவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.